லிட்டில் இத்தாலியில இத்தாலிக்காரங்க எங்கே? ஒரு சீஸ் கடைத் தெருவோட கதை

இந்த எபிசோடை ஒரு தெருமுனையில இருந்து ஆரம்பிக்கலாம்.

நியூயார்க் நகரம், மன்ஹாட்டன் தீவோட தெற்குப் பகுதி. கிராண்ட் ஸ்ட்ரீட்டும் மல்பெரி ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற முனை. 2023 மார்ச் மாசம் அங்கே ஒரு கடை கடைசியா ஷட்டரை இறக்குச்சு. கடை பேரு அலேவா டெய்ரி. இத்தாலியோட பெனவெந்தோ பக்கத்துல இருந்து வந்த பினா அலேவாங்கிற பெண் 1892-ல ஆரம்பிச்ச சீஸ் கடை. அமெரிக்காவுலேயே ரொம்பப் பழைய இத்தாலிய சீஸ் கடை நாங்கதான்னு பெருமையா சொல்லிக்கிட்ட கடை.

ரெண்டு உலகப் போர், 1930-கள்ல வந்த பொருளாதார வீழ்ச்சி, எல்லாத்தையும் அது தாண்டி வந்துச்சு. கொரோனாவுக்கு அப்புறம் வந்த வாடகை பாக்கியைத் தாண்ட முடியலை. மாச வாடகை 23,000 டாலருக்கு மேல. பாக்கி 6 லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு. கடையைக் காலி பண்ணிட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நியூஜெர்சிக்குப் போறோம்னு அறிவிச்சாங்க.

"அடடா, 130 வருஷக் கடையாச்சே"ன்னு எல்லாருக்கும் வருத்தம்தான். ஆனா இந்தக் கதையில இன்னொரு பக்கம் இருக்கு. அந்தத் தெரு இருக்கிற பகுதிக்குப் பேரு லிட்டில் இத்தாலி. 1950 சென்சஸ்படி அங்கே 10,000-க்கும் அதிகமானவங்க குடியிருந்தாங்க. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் இத்தாலிய வம்சாவளி. இத்தாலியிலேயே பிறந்தவங்க மட்டும் 2,149 பேர். 2000-ல எண்ணிப் பார்த்தப்போ இத்தாலியில பிறந்தவங்க 44 பேர்தான் மிச்சம். 2010 கடைசியில வெளியான சென்சஸ் சர்வேயில ஒருத்தர்கூட இல்லை.

அப்போ கேள்வி இதுதான். மக்கள் போன பிறகும் இத்தனை வருஷம் கடைகள் மட்டும் எப்படி நின்னுச்சு? ஒரு பழைய சாப்பாட்டுக் கடை உயிரோட இருக்க உண்மையில என்ன தேவை? ரெசிபியா, பரம்பரையா, பெயர்ப் பலகையா? வாங்க, 140 வருஷம் பின்னாடி போவோம்.

வரும்போது அவங்க இத்தாலிக்காரங்க இல்லை

1861 வரைக்கும் இத்தாலின்னு ஒரே நாடு கிடையாது. தனித்தனி அரசுகள் இருந்துச்சு. அதையெல்லாம் சேர்த்து ஒரு ராஜ்ஜியம்னு அறிவிச்ச பிறகும், இன்னைக்கு நாம இத்தாலிய மொழின்னு சொல்றதை அன்னைக்கு வீட்டில பேசினவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். சிசிலிக்காரர் பேசுறது ஜெனோவாக்காரருக்குப் புரியாது. இத்தாலியில இதுக்கு ஒரு வார்த்தையே இருக்கு: காம்பானிலிஸ்மோ. காம்பானிலேன்னா சர்ச் மணிக்கூண்டு. எங்க ஊர் மணிச் சத்தம் எதுவரைக்கும் கேட்குதோ அதுவரைக்கும்தான் எங்க உலகம்ங்கிற மனப்பான்மை.

நாடு ஒண்ணானதுல தெற்குப் பகுதிக்குப் பெரிசா நல்லது நடக்கலை. நிலம் ஜமீன்தார்கள் கையில, வரி அதிகம், மலேரியா, வறட்சி. 1880-ல ஆரம்பிச்சு 1920-கள் வரைக்கும் 40 லட்சம் பேர் அளவுக்கு இத்தாலியில இருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாங்க. 1901-லிருந்து 1910 வரைக்கும் மட்டுமே 20 லட்சத்துக்கு மேல. பெரும்பாலும் நேப்பிள்ஸ் சுத்துப்பட்டு, சிசிலி, கலாப்ரியா, பசிலிகாட்டான்னு தெற்கு மாகாணங்கள். முதல்ல வந்தவங்கள்ல ஆண்கள்தான் அதிகம். சுரங்க ரயிலுக்குக் குழி தோண்டி, தண்ணிக் குழாய் பதிச்சு, ரோடு போட்டு, காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குத் திரும்பிடலாம்னு வந்தவங்க. நிறையப் பேர் திரும்பியும் போனாங்க. மிச்சப் பேர் மனைவி, தம்பி, மச்சான்னு ஒவ்வொருத்தரா வரவழைச்சாங்க.

மன்ஹாட்டன்ல வந்து இறங்கினப்பவும் மணிக்கூண்டு புத்தி விடலை. நேப்பிள்ஸ்காரங்க மல்பெரி ஸ்ட்ரீட், சிசிலிக்காரங்க எலிசபெத் ஸ்ட்ரீட், வடக்கே ஜெனோவாவில இருந்து வந்தவங்க பாக்ஸ்டர் ஸ்ட்ரீட்டுன்னு பிரிஞ்சு குடியேறினாங்க. ஒரு தெருவுல ஒரே ஊர்க்காரங்க வரிசையா இருப்பாங்க. பக்கத்துத் தெருன்னா வெளியூர்.

வீடுங்கிறது டெனமென்ட். அஞ்சாறு மாடி, ஜன்னலே இல்லாத உள் அறைகள், ஒரு தளத்துக்கு நாலு குடும்பம், கழிப்பறை பின்கட்டுல. டென்மார்க்ல இருந்து வந்து குடியேறின ஜேக்கப் ரீஸ்ங்கிற பத்திரிகையாளர் 1890-ல இந்தப் பகுதியைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அதுல வந்த போட்டோக்கள் நகரத்தையே உலுக்குச்சு. மல்பெரி பெண்ட்னு சொல்லப்பட்ட மோசமான வளைவை மொத்தமா இடிச்சாங்க. 1897-ல அது பார்க் ஆச்சு. இன்னைக்கு அதுக்குப் பேரு கொலம்பஸ் பார்க். இந்தப் பார்க்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

கடையில நின்னப்பதான் ஒண்ணானாங்க

இப்போ சாப்பாட்டுக்கு வருவோம். இத்தாலின்னாலே நமக்கு பாஸ்தா, பீட்சா, சீஸ்னு ஒரு பிம்பம் இருக்கு. ஆனா தெற்கு இத்தாலியில இருந்த ஏழை விவசாயி தினமும் சாப்பிட்டது கறுப்பு ரொட்டி, கீரை, பயறு. இறைச்சி வருஷத்துல சில நாள், பண்டிகைக்கு மட்டும். காய்ஞ்ச பாஸ்தா நேப்பிள்ஸ் மாதிரி நகரத்துல தெருவோரச் சாப்பாடு. கிராமத்துல பல குடும்பங்களுக்கு அது விசேஷ நாள் சாப்பாடு. நல்ல ஆலிவ் எண்ணெய், நல்ல சீஸ் எல்லாம் இவங்க உழைப்புல உருவாகி, முதலாளி வீட்டுக்குப் போகும்.

அமெரிக்காவுல கூலி கம்மிதான். ஆனா வெள்ளை மாவும் இறைச்சியும் ஊரோட ஒப்பிட்டா எட்டுற விலையில இருந்துச்சு. அதனால ஊர்ல முதலாளி சாப்பிட்டதை இவங்க இங்கே சாப்பிட ஆரம்பிச்சாங்க. ஞாயித்துக்கிழமை காலையில இருந்து தக்காளிக் குழம்பு கொதிக்கும், அதுக்குள்ள பெரிய பெரிய இறைச்சி உருண்டைகள், அதைப் பாஸ்தா மேல ஊத்திச் சாப்பிடுறது. ஸ்பகெட்டி மீட்பால்ஸ்னு சொல்றோமே, அது இந்தத் தெருக்கள்ல பிறந்த சாப்பாடு. இன்னைக்கு இத்தாலியில போய்க் கேட்டா, இது எங்க ஊர்ப் பழக்கம் இல்லையேன்னுதான் சொல்வாங்க.

இதை உருவாக்கின இடம் கடை. கிராண்ட் ஸ்ட்ரீட்டில 1892-ல ஃபெராரா காபிக் கடையும் பலகாரமும். ஸ்பிரிங் ஸ்ட்ரீட்டில மளிகைக் கடையில இருந்து பீட்சா கடையா மாறின லொம்பார்டீஸ், 1905-னு அவங்க சொல்ற கணக்கு. சவினோ டி பாலோங்கிறவர் பசிலிகாட்டாவில இருந்து 1903-ல வந்து, 1910-ல ஒரு லத்தேரியா திறந்தார். லத்தேரியான்னா பால் கடை, அங்கேயே சீஸும் செய்வாங்க. அவர் மகள் கொஞ்செத்தா 1925-ல கிராண்ட் ஸ்ட்ரீட்டில தனிக்கடை போட்டார். டி பாலோஸ்னு அந்தக் கடை இன்னைக்கும் அதே தெருவுல இருக்கு.

இந்தக் கடைகள்ல கவுண்டர் ஒண்ணுதான். சிசிலிக்காரருக்கும் அதே கவுண்டர், நேப்பிள்ஸ்காரருக்கும் அதே கவுண்டர். கடைக்காரர் எல்லாருக்கும் வேணும்கிறதை வாங்கி வைக்கணும். சிசிலியோட மத்தி மீன், கலாப்ரியாவோட மிளகாய், நேப்பிள்ஸோட தக்காளி, வடக்கே இருந்து பார்மிஜானோ சீஸ். பக்கத்துல நிக்கிற அம்மா என்ன வாங்குறாங்கன்னு பார்த்து, கேட்டு, வீட்டில செஞ்சு பார்ப்பாங்க. இத்தாலியில ஆயிரம் மைல் தள்ளித் தள்ளி இருந்த சாப்பாடுகள் இங்கே ஒரே அலமாரிக்கு வந்துச்சு. அமெரிக்காக்காரங்களும் வித்தியாசம் பார்க்காம எல்லாரையும் "இத்தாலியன்"னுதான் கூப்பிட்டாங்க. ஊர்ல சிசிலிக்காரரா இருந்தவர் மல்பெரி தெருக் கடையில நின்னப்பதான் இத்தாலிக்காரர் ஆனார்.

அன்னைக்கு இது பெருமையான சாப்பாடு இல்லைங்கிறதையும் சொல்லணும். சமூக சேவகர்களும் சத்துணவு நிபுணர்களும் வீடு வீடா வந்து, பூண்டைக் குறைங்க, மெக்ரோனியை விடுங்க, பால் குடிங்கன்னு அறிவுரை சொன்னாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க தங்களோட ரொட்டியை மறைச்சு சாப்பிட்ட காலம் அது.

ஒரு நாள் ஆயுள்

இந்த எபிசோடுக்கு ஒரு ஹீரோ வேணும்னா, அது மொசரெல்லா சீஸ்தான். அதை எப்படிச் செய்றாங்கன்னு தெரிஞ்சா, இந்தத் தெரு ஏன் எழுந்துச்சு, ஏன் சாய்ஞ்சுச்சுன்னு புரியும்.

பாலைத் திரிய வெச்சு எடுத்த வெள்ளைக் கட்டியை முதல்ல சின்னச் சின்னதா நறுக்குவாங்க. மேல நல்ல சுடுதண்ணி ஊத்துவாங்க. கட்டி இளகி ஒண்ணோட ஒண்ணு சேரும். அப்புறம் கையாலயும் மரத்துடுப்பாலயும் தூக்கி இழுத்து மடிக்கணும். பரோட்டா மாஸ்டர் மாவை இழுக்கிறதைப் பார்த்திருப்பீங்களே, கிட்டத்தட்ட அப்படி. மேல்பக்கம் பளபளன்னு ஆனதும், உருண்டையாக் கிள்ளித் தண்ணியில போடுவாங்க. மொசரெல்லாங்கிற பேரே "கிள்ளு, வெட்டு"ங்கிற அர்த்தமுள்ள வார்த்தையில இருந்து வந்ததுதான். கடைசியில மிஞ்சுற பால் தண்ணியைத் திரும்பக் காய்ச்சி எடுத்தா ரிகோட்டா. அந்தப் பேருக்கும் அர்த்தம் "மறுபடி சமைச்சது". ஏழைங்க சமையல்ல எதுவும் வீணாகாது.

இந்த மொசரெல்லாவோட அருமை செஞ்ச சில மணி நேரத்துலதான். அறுத்தா பால் கசியணும். ஃபிரிட்ஜ்ல வெச்சா இறுகிடும், மறுநாள் அந்த ருசி இருக்காது. அப்படின்னா என்ன அர்த்தம்? கடைக்காரர் தினமும் செய்யணும். அதைவிட முக்கியம், வாங்குறவங்க தினமும் வரணும். இப்படி ஒரு சீஸ் விக்கணும்னா கடையைச் சுத்தி நடக்குற தூரத்துல சில ஆயிரம் பேர் குடியிருக்கணும். அவங்களுக்கு அந்த ருசி தெரிஞ்சிருக்கணும். காலையில ரொட்டி, சாயங்காலம் சீஸ், வெள்ளிக்கிழமை மீன்னு ஒரு வாழ்க்கை முறை இருக்கணும். இதுல ஒரு கண்ணி அறுந்தாலும் கடை ஆட்டம் காணும்.

மேயரும் ஆர்ட்டிச்சோக்கும்

கடைக்கு வெளியே தெரு முழுக்கத் தள்ளுவண்டிகள். காய், பழம், மீன், பூண்டு, துணி, எல்லாமே தள்ளுவண்டியில. 1934-ல நியூயார்க் மேயரா வந்தவர் ஃபியோரெல்லோ லா கார்டியா. அவர் அப்பாவே இத்தாலியில இருந்து வந்தவர்தான். அவருக்கு இந்தத் தள்ளுவண்டிகளைக் கண்டாலே ஆகாது. அழுக்கு, நெரிசல், குடியேறி வந்தவங்களுக்கு இது கௌரவம் இல்லைங்கிறது அவர் எண்ணம்.

இந்த மேயரைப் பத்தி ஒரு சுவாரஸ்யமான சம்பவம். 1935 டிசம்பர்ல ஒரு விடியக்காலையில பிராங்க்ஸ் பகுதியோட மொத்த மார்க்கெட்டுக்குப் போனார். டிரம்பெட் ஊதச் சொல்லி, ஒரு அறிவிப்பை வாசிச்சார்: இன்னைல இருந்து ஆர்ட்டிச்சோக் விக்கத் தடை! ஆர்ட்டிச்சோக்ங்கிறது முள் மாதிரி இதழ் இருக்கிற ஒரு பூ மொட்டு. இத்தாலியக் குடும்பங்களுக்கு ரொம்பப் பிடிச்ச காய். சிரோ டெர்ரனோவாங்கிற மாஃபியா ஆள் அந்த வியாபாரத்தை மொத்தமா வளைச்சுப்போட்டு, மிரட்டி விலை ஏத்திக்கிட்டு இருந்தார். அதை உடைக்கத்தான் இந்தத் தடை. சில நாள்லயே தடையை விலக்கிட்டாங்க, ஆனா கும்பலோட பிடி தளர்ந்துச்சு. ஒரு காய்க்காக மேயர் டிரம்பெட் ஊதினார்னா, அந்தக் காயை வாங்குற ஜனம் எவ்வளவு பெரிசா இருந்திருக்கும்னு பாருங்க.

தள்ளுவண்டிகளை எடுத்துட்டு, லா கார்டியா பல இடங்கள்ல கூரை போட்ட மார்க்கெட் கட்டினார். அதுல ஒண்ணு 1940-ல பிராங்க்ஸ்ல ஆர்தர் அவென்யூவில திறந்துச்சு. தெருவோட சத்தம் போச்சேன்னு வருத்தப்பட்டவங்க உண்டு. ஆனா வியாபாரிக்கு ஒரு நிரந்தர இடம் கிடைச்சதும் உண்மை. இந்த மார்க்கெட்டுக்கும் பின்னால வருவோம்.

போனவங்க, வந்தவங்க

சரி, கூட்டம் எப்போ குறைய ஆரம்பிச்சுச்சு? பல பேர் சீனாக்காரங்க வந்தாங்க, இத்தாலிக்காரங்க போனாங்கன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. நடந்த வரிசை வேற.

முதல் அடி 1924-ல. அந்த வருஷம் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டுச்சு. தெற்கு, கிழக்கு ஐரோப்பாவில இருந்து வர்றவங்க வேண்டாம்ங்கிறதுதான் அதோட நோக்கம். ஒரு காலத்துல வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல வந்த இத்தாலியில இருந்து, இனிமே 4,000 பேருக்கும் குறைவாத்தான் வரலாம்னு ஒதுக்கீடு. ஊர்ல இருந்து புது ஆள் வர்றது கிட்டத்தட்ட நின்னுபோச்சு.

ரெண்டாவது, பிள்ளைங்க முன்னேறினாங்க. ரெண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பின வீரர்களுக்கு அரசு படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் உதவி பண்ணுச்சு. ஜன்னல் இல்லாத டெனமென்ட்ல பிறந்தவங்க தோட்டம் வெச்ச வீட்டுக்குப் போகாம இருப்பாங்களா? புரூக்ளின், லாங் ஐலண்ட், நியூஜெர்சின்னு போனாங்க. 1964-ல வெரசானோ பாலம் திறந்ததும் ஸ்டேட்டன் ஐலண்டுக்கும் போனாங்க. இதை யாரும் அவங்களை விரட்டின கதையா சொல்ல முடியாது. அப்பா அம்மா எதுக்காகக் கப்பல் ஏறினாங்களோ அது நடந்துச்சு, அவ்வளவுதான்.

போனவங்க அங்கே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாங்க. பிளாஸ்டிக் கவர்ல அடைச்ச, வாரக்கணக்குல கெடாத மொசரெல்லா அங்கே இருந்துச்சு. கிராண்ட் ஸ்ட்ரீட் கடைக்குத் தினமும் வந்த அம்மா இப்போ கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு தடவை கார்ல வந்தார்.

மூணாவதாத்தான் சீனர்கள். கேனல் ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே சைனாடவுன் ஏற்கெனவே இருந்துச்சு, ஆனா சின்னது. 1882-லயே சீனத் தொழிலாளர்களுக்குக் கதவைச் சாத்தி ஒரு சட்டம் போட்டாங்க, அதை 1943-லதான் ரத்து பண்ணாங்க. 1965-ல குடியேற்றச் சட்டம் மொத்தமா மாறினதும், ஆசியாவில இருந்து குடும்பம் குடும்பமா வர வழி திறந்துச்சு. காலியாகிக்கிட்டிருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் அவங்க வந்தாங்க. சேர்ந்து உழைச்சு, ஊர்க்காரங்களைக் கூட்டிட்டு வந்து, தெருவுல மீனும் காயும் வித்தாங்க. எங்கேயோ கேட்ட கதையா இருக்கா? ஐம்பது, அறுபது வருஷம் முன்னாடி இத்தாலிக்காரங்க செஞ்ச அதே வேலைதான்.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா, இத்தாலிக்காரங்களுக்கு முன்னாடி இந்தத் தெருக்கள் ஐரிஷ்காரங்களோடது. மாட் ஸ்ட்ரீட்டில டிரான்ஸ்ஃபிகரேஷன் சர்ச்னு ஒண்ணு இருக்கு. 1801-ல லூத்தரன் சபைக்காகக் கட்டினது. 1853-ல கத்தோலிக்கர் கைக்கு வந்து ஐரிஷ்காரங்க சர்ச் ஆச்சு, அப்புறம் இத்தாலிக்காரங்க, இப்போ சீனக் கத்தோலிக்கர்கள். அதே கட்டடம், அதே மணி.

மெனு கார்டு தெரு

ஆள் குறைஞ்சதும் லிட்டில் இத்தாலிக்கு இன்னொரு வாழ்க்கை கிடைச்சுச்சு: சுற்றுலா.

1972 மார்ச்ல காட்ஃபாதர் படம் வந்துச்சு. ஏப்ரல்ல, ஜோயி கேலோங்கிற நிஜ மாஃபியா ஆளை மல்பெரி ஸ்ட்ரீட்டில ஒரு கடல் உணவு ஹோட்டல்ல வெச்சுச் சுட்டாங்க. சில வார இடைவெளியில சினிமாவும் நிஜமும் ஒண்ணாச்சு. ஜனங்க வேடிக்கை பார்க்க வர ஆரம்பிச்சாங்க. காய்கறிக் கடையும் கசாப்புக் கடையும் இருந்த இடத்துல ஹோட்டல்கள் வந்துச்சு. 1926-ல நேப்பிள்ஸ்காரங்க தங்களோட காவல் புனிதர் ஜென்னாரோவுக்காக ஆரம்பிச்ச செப்டம்பர் திருவிழா, இப்போ 11 நாள் சாப்பாட்டுத் திருவிழா.

நகர நிர்வாகம் சும்மா இருக்கலை. 1977-ல லிட்டில் இத்தாலி சிறப்பு மண்டலம்னு அறிவிச்சு, கட்டடத்தோட உயரம், முகப்பு, அமைப்பு எல்லாத்துக்கும் விதி போட்டாங்க. 2010-ல சைனாடவுனையும் லிட்டில் இத்தாலியையும் சேர்த்து தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியல்ல வெச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா இதுல எதுவும் கடை வாடகையைத் தொடலை. நியூயார்க்ல 1945-லிருந்து 1963 வரைக்கும் கடை வாடகைக்கும் கட்டுப்பாடு இருந்துச்சு. அதுக்கப்புறம் கிடையாது. முகப்பை மாத்தணும்னா விதியைப் பார்க்கணும், வாடகையை மூணு மடங்கு ஏத்தணும்னா யாரையும் கேட்க வேண்டாம்.

சுத்திலும் ரியல் எஸ்டேட் ஏறிக்கிட்டே இருந்துச்சு. 1990-கள்ல லிட்டில் இத்தாலியோட வடக்குப் பகுதிக்கு நோலிட்டான்னு ஒரு புதுப் பேரு வந்துச்சு. விலை கூடின துணிக்கடைகள் அங்கே வந்துச்சு. 2015-ல நடந்த ஒரு விஷயம் இந்த நிலைமையை அப்படியே காட்டும். இத்தாலிய அமெரிக்கர்களோட வரலாற்றைப் பாதுகாக்கிறதுக்குன்னு அந்தத் தெருவுல ஒரு மியூசியம் இருந்துச்சு. அந்தக் கட்டடத்துக்கு மியூசியம்தான் ஓனர். மாடியில 85 வயசு இத்தாலிய அமெரிக்கப் பாட்டி ஒருத்தர், மாசம் 820 டாலர் வாடகையில குடியிருந்தார். மியூசியம் அவரைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துச்சு. மியூசியத்துக்கும் பணக் கஷ்டம்தான். ஆனாலும் வரலாறு கீழ் தளத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்க, அதை வாழ்ந்த ஆள் மாடியில இருந்து இறங்க வேண்டி வந்துச்சு.

தப்பிச்ச தெரு

எல்லா இடத்துலயும் கதை இப்படி முடியலை. ஆர்தர் அவென்யூவை ஞாபகம் வெச்சிருக்கீங்களா? மன்ஹாட்டனுக்கு வடக்கே, பிராங்க்ஸ்ல பெல்மான்ட்ங்கிற பகுதி. 1890-கள்ல பக்கத்துல தாவரவியல் பூங்காவும் விலங்குக் காட்சி சாலையும் கட்டினப்போ, வேலைக்கு வந்த இத்தாலியக் கொத்தனார்களும் தோட்டக்காரர்களும் அங்கேயே தங்கினாங்க.

இங்கேயும் இத்தாலியக் குடும்பங்கள் பெரும்பாலும் போயாச்சு. இன்னைக்கு பெல்மான்ட்ல ஸ்பானிஷ் பேசுற குடும்பங்கள்தான் அதிகம். ஆனா கடைகள்? 1918-ல ஆரம்பிச்ச மடோனியா பேக்கரி, 1935-ல ஆரம்பிச்ச போர்காட்டி ராவியோலி கடை, லா கார்டியா கட்டின அந்த மார்க்கெட், எல்லாம் இன்னைக்கும் ஓடுது. இது ஹோட்டல் தெரு மட்டும் இல்லை. இறைச்சி, மீன், ரொட்டி, பாஸ்தான்னு சமைக்கிறவங்க பை எடுத்துட்டு வர்ற தெரு. சனிக்கிழமை ஆனா, ஊர் மாறிப் போன குடும்பங்கள் கார்ல வந்து வாரத்துக்கு வேண்டியதை அள்ளிட்டுப் போவாங்க. பக்கத்துலயே ஃபோர்டாம் பல்கலைக்கழகம், அங்கிருந்து மாணவர்கள் வருவாங்க. பக்கத்து வீட்டு மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களும் அதே கடையில ரொட்டி வாங்குவாங்க. அல்பேனியாக்காரங்க நிறையப் பேர் இங்கே வந்து, இத்தாலியச் சாப்பாட்டுத் தொழிலையே கையில எடுத்து நடத்துறாங்க.

இந்தத் தெருவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒரு கடை வாசல். டைட்டல் பிரதர்ஸ்னு ஒரு இத்தாலிய மளிகைக் கடை, 1915-ல ஆரம்பிச்சது. ஆலிவ், சீஸ், எண்ணெய் எல்லாம் கிடைக்கும். வாசல் தரையில டைல்ஸ்ல ஒரு நட்சத்திரம் பதிச்சிருக்கும். ஆறு முனை நட்சத்திரம், யூதர்களோட தாவீது நட்சத்திரம். கடையை ஆரம்பிச்சவங்க யூத சகோதரர்கள்! இத்தாலியத் தெருவுக்கு வந்து, அந்த மொழியைக் கத்துக்கிட்டு, அந்த ஜனங்களுக்கு வேண்டியதை வித்தாங்க. நாங்க யாருங்கிறதை வாசல்லயே பதிச்சும் வெச்சாங்க. அதாவது, "சுத்தமான இத்தாலியத் தெரு"ன்னு நாம நினைக்கிறது ஆரம்பத்துல இருந்தே கலப்புதான்.

மன்ஹாட்டன்ல டி பாலோஸ் தாக்குப்பிடிச்சதும் கிட்டத்தட்ட இதே வழியில. தெருக்காரங்க குறைஞ்சதும், கடையை நடத்துற நாலாவது தலைமுறை, இத்தாலியோட ஒவ்வொரு மாகாணத்துச் சீஸையும் தேடிப்போய் வரவழைச்சாங்க. டோக்கன் எடுத்துட்டுக் காத்திருந்து வாங்குற அளவுக்கு தூரத்துல இருந்தெல்லாம் ஆள் வர வெச்சாங்க. மொசரெல்லாவை மட்டும் இன்னும் கடையிலேயே கையால இழுக்குறாங்க.

அப்போ எதைக் காப்பாத்தணும்?

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். ரெசிபி எங்கேயும் போகலை, யூடியூப்ல கொட்டிக்கிடக்கு. முகப்பைக் காப்பாத்தச் சட்டம் இருக்கு. பேரைக் காப்பாத்த விளக்குத் தோரணம் இருக்கு. இவ்வளவும் இருந்தும் 1892-ல ஆரம்பிச்ச கடை போச்சு. ஏன்னா கடைங்கிறது தினமும் செய்றவர், திரும்பத் திரும்ப வர்றவர், ரெண்டு பேரும் தாங்குற அளவு வாடகை, இந்த மூணும் சேர்ந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுக்க வர்ற லட்சம் பேரால, வாரா வாரம் வர்ற ஆயிரம் பேரோட இடத்தை நிரப்ப முடியாது. அந்த ஆயிரம் பேர் எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் சீஸுக்குக் கவலை இல்லை.

கொலம்பஸ் பார்க்கை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? ஜேக்கப் ரீஸ் காலத்துல இத்தாலியக் கூலிக்காரங்க நெருக்கியடிச்சு இருந்த இடம். இன்னைக்கு அங்கே சாயங்காலம் போனா, சீனப் பெரியவங்க கல் மேசையைச் சுத்தி உட்கார்ந்து சீனச் சதுரங்கம் ஆடிக்கிட்டு இருப்பாங்க. அவங்க பிள்ளைகளும் பல பேர் குவீன்ஸ், புரூக்ளின்னு போயாச்சு. அந்தச் சைனாடவுன் கடைகளும் இப்போ இதே வாடகைப் பிரச்சினையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு. முறை மாறுது, கதை மாறலை.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்க தெருவுலயும் ஒரு பழைய கடை இருக்கும். மூடினா "அய்யோ"ன்னு நீங்க ஸ்டேட்டஸ் போடக்கூடிய கடை. கடைசியா அங்கே எப்போ எதையாவது வாங்கினீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.